மூன்றாவது டேப்பில் அப்பா

கறம்பக்குடியில் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன் எவனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லோடு ஏற்ற வரமாட்டான். தங்கமுத்து வந்திருந்தார். முகத்தை மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பெண் எடுக்கப் போகிறவர் மாதிரி மைக்செட் கடை வாசலில் நின்றார். கடைக்கார அய்யப்பன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனான். பிறகு என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

அவன் முந்தின நாளே கேட்டிருந்தான். "அண்ணே, திருமயத்துல ஒரு மண்டபத்துல ஃபங்ஷன். ஒங்க மகன் வாராப்புல. அவரோட ரசிகருங்கதான் செட்டு கேட்டிருக்காங்க. நீங்க போறீங்களா, இல்ல வேற வண்டிக்குச் சொல்லவா?"

"நானே போறேன்டா."

"இல்லண்ணே, அந்தப் புதுப் பாட்டக் கேட்டீங்களா நீங்க?"

"நான் எங்க கேக்குறது? என் மகளே எனக்குப் புரியாதுன்னுட்டா."

அய்யப்பன் அப்போதும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டான். நல்ல பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதால் ஊரில் நடக்கிற அநியாயத்துக்கு அளவே கிடையாது.

தங்கமுத்துவின் மகன் கவியரசன் ராப் பாடுகிறவன். கறம்பை கவி என்று சொன்னால் காலேஜுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூச்சு விடாமல் தாளத்தோடு பேசுவான், அதற்குக் கூட்டம் கை தட்டும். இதுவரை மூன்று மிக்ஸ்டேப் விட்டிருக்கிறான். டேப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஏழெட்டுப் பாட்டைச் சேர்த்து இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். முதல் டேப் வந்த கையோடு அவன் சென்னைக்குப் போனவன், ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அப்பன் போன் அடித்தால் எடுப்பதும் இல்லை.

அதெல்லாம் போகட்டும். தங்கமுத்துவுக்கு இப்போது மகனிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. மகள் சிவரஞ்சனியை நார்த்தாமலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். பேத்தி சுடர்விழிக்கு மூன்று வயதாகிவிட்டது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமன்காரன் வரவில்லை என்று இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டாயிற்று. பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் மடியில் உட்கார வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது சிவரஞ்சனியின் மாமியார், "கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கையில எரவல் மாமன் எதுக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அன்றைக்குப் போனில் மகள் அழுத அழுகை இன்னும் தங்கமுத்துவின் காதில் இருந்தது. ஆவணியில் மறுபடி தேதி பார்த்திருந்தார்கள். இந்தத் தடவையும் அவன் வராவிட்டால் மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நேரில் பார்த்து, காலில் விழாத குறையாகக் கேட்டுவிடுவது என்றுதான் இந்த வெள்ளைச் சட்டை.

ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஏற்றி, ஜெனரேட்டரை ஏற்றி, சுருட்டி வைத்த ஒரு பெரிய ஃப்ளெக்ஸையும் மேலே போட்டுக் கயிறு கட்டினார். ரசிகர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். இருவரும் கந்தர்வகோட்டைப் பையன்கள். அரவிந்த்குமார் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்டவன், வாய் ஓயாதவன். மற்றவன் நிலவழகன், செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். அவன் கறுப்பு டீஷர்ட்டில் ஒரு காளையின் தலை. இருவரும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள்.

வண்டி கிளம்பி ஊர் எல்லை தாண்டுமுன்னே, நான்தான் அவன் அப்பன் என்று சொல்லிவிட தங்கமுத்துவுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் பையன்கள் எப்படி முழிப்பார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஆலங்குடி வரட்டும், டீ குடிக்கும்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். மனுஷனுக்குக் கொஞ்சம் ஆசை வந்தால் போதும், உடனே அதைச் சோடித்துப் பார்க்க வேண்டும்.

அதற்குள் பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று டேப்பில் எது ஒசத்தி என்பதுதான் சண்டை.

"மொத டேப்புதான்டா டேப்பு," என்றான் நிலவழகன். "பேரே அடிமாட்டு வெலை. அதுல இருக்குற கோவம் அப்புறம் எதுல வந்துச்சு சொல்லு?"

"கோவம் இருந்தாப் போதுமா? ரெக்கார்டிங்கக் கேட்டியா நீ? பின்னாடி நாய் கொலைக்குது. ஒரு எடத்துல எவனோ இருமுறான்."

"அதான்டா உயிரு! ஆரம்பத்துலயே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்குற சத்தம் வரும் பாரு, பீம் பீம்னு. அதுலேயே எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிரும்."

தங்கமுத்து கியரை மாற்றினார். அந்தச் சத்தம் எந்த வண்டியின் சத்தம் என்று அவருக்குத் தெரியும். இருமினவன் யார் என்றும் தெரியும். வீட்டுப் பின்னறையில் மகன் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு எதையோ பாடிப் பதிவு செய்த நாட்களில், தன்னைப் பற்றித்தான் பாடுகிறான் என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்து இருமியது அவரேதான்.

நிலவழகன் தொடையில் தட்டிக்கொண்டு பாடிக்காட்டினான்.

"கயித்த அவுத்தவன் கண்ணப் பாக்கல,
காள கத்துனது காதுல கேக்கல,
அடிமாட்டு வண்டியில அவன வித்தியே,
அப்பா, என்னய மட்டும் ஏன்டா விக்கல?"

"பெத்தவன வாடா போடான்னு பேசுறதெல்லாம் ஒரு பாட்டா?" என்று அரவிந்த்குமார் மூக்கைச் சுளித்தான்.

தங்கமுத்துவுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். விரும்பியா கேட்டார்? அது வந்த புதிதில் கடைத்தெருவில் அவர் நடந்தால் பின்னாலிருந்து எவனாவது போனில் அதைப் போட்டுவிட்டுச் சிரிப்பான். டீக்கடையில் போடுவார்கள், முடிவெட்டும் கடையில் போடுவார்கள். ஊரே சேர்ந்து அவரைக் கழுவிக் கழுவி ஊற்றியது.

பாட்டில் இருந்தது பொய்யும் இல்லை. கவியரசனின் அம்மா பிரகதாம்பாள் சாகுமுன் பால் புகட்டி வளர்த்த கன்று அந்தக் காளை. பையன் அதைத் தாயாகவே பார்த்தான். வாடிவாசலில் எவன் கைக்கும் சிக்காத மாடு. ஒரு தை மாதம் தடுப்புக் கட்டையில் மோதி முன்னங்கால் முறிந்து படுத்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜல்லிக்கட்டு மாடு செத்தால் அந்தப் பக்கத்தில் மனிதருக்குச் செய்கிற மாதிரி மாலை போட்டு, மேளம் வைத்து, சொந்தக் கொல்லையில் புதைப்பார்கள். அதுவரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தங்கமுத்துவால் முடியவில்லை. அது விடிய விடியக் கத்தியது. மகன் காலேஜுக்குப் போயிருந்த ஒரு பகலில் மாட்டுப் புரோக்கர் வீரய்யாவை வரச்சொல்லி, தன் குட்டியானையிலேயே ஏற்றிக்கொண்டுபோய் அடிமாட்டு லாரியில் விட்டுவிட்டு வந்தார். சரியா தப்பா என்று கேட்டால் தப்புதான். அதை அவரே யாரிடமும் மறுத்ததில்லை.

"ரெண்டாவது டேப்ப ஏன்டா பேசவே மாட்டேங்குறோம்?" என்றான் அரவிந்த்குமார்.

"'புழுதி' டேப்பா? அதுல என்ன இருக்கு? நான் அப்படி, நான் இப்படின்னு பீத்தல். காள களத்துலயே செத்துப்போச்சுன்னு ஒரு பாட்டு. அது மட்டும் தேறும்."

தங்கமுத்து திரும்பிப் பார்த்தார். "களத்துலயா செத்துச்சு?"

"ஆமாண்ணே. வாடிவாசல்லயே விழுந்து உசுர விட்டுச்சாம். நீங்க கேட்டதில்லையா? ஒங்க ஊர்க்காரருதானே?"

"மொத டேப்புல அடிமாட்டுக்குப் போச்சுன்னு இப்பத்தானே தம்பி பாடுனீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரவிந்த்குமார்தான் முதலில் சமாளித்தான். "அது வேற மாடா இருக்கும்ணே. அவங்க வீட்டுல நெறைய மாடு."

நிறைய மாடு! ஒரு மாட்டுக்கே வைக்கோல் கடன் சொல்லி வாங்கிய வீடு அது. தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. பையன் மாட்டைக் களத்தில் சாகடித்து மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான், போகட்டும், அந்த மட்டுக்கும் நல்லதுதான் என்று நினைத்தார். தன் தலை கூட அதில் தப்பியிருக்கிறதே என்று ஒரு நிம்மதி கூட வந்தது. ஆலங்குடி வந்துவிட்டது. டீக்கடை ஓரம் வண்டியை ஒதுக்கினார். சொல்வதற்கு இதுதான் நேரம்.

டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, அந்தக் கவியரசன் இருக்கான்ல..." என்று அவர் தொடங்கவும், அரவிந்த்குமார் பாதியில் புகுந்தான்.

"அண்ணே, நீங்க மூணாவது டேப்பக் கேளுங்க. மூக்கணாங்கயிறு. அதக் கேட்டுட்டு அழலைன்னா நீங்க மனுஷனே இல்ல. அவங்கப்பா செத்ததப் பத்தினது."

தங்கமுத்து உதட்டுக்குக் கொண்டுபோன கிளாஸை இறக்கினார். "யாரு செத்தது?"

"கவியண்ணனோட அப்பாண்ணே. ஜல்லிக்கட்டுல மாட்டக் காப்பாத்தப் போயி அவரே போயிட்டாரு. நெசக் கதைண்ணே. அதுக்கப்புறந்தான் அண்ணன் கறம்பக்குடிப் பக்கமே வாரதில்லையாம். ஒரு பேட்டியில அழுதுக்கிட்டே சொன்னாரு."

சொல்லிவிட்டுப் போனில் பாட்டையும் போட்டான். நாய்ச் சத்தமில்லை, இருமல் இல்லை. பின்னால் புல்லாங்குழல். கவியரசனின் குரல் வெல்லப்பாகு மாதிரி இறங்கி வந்தது.

"மூக்கணாங்கயித்தப் புடிச்ச கையி
மூச்சு நின்னும் விடலய்யா,
மண்ணுல கெடந்த எங்கப்பன் மார்ல
மாடும் படுத்து எழலய்யா..."

டீக்கடைக்காரன் கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். பெஞ்சில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். தான் செத்துப்போன சேதியை ரோட்டோர டீக்கடையில் நின்று கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"எப்படி?" என்றான் அரவிந்த்குமார், தானே பாடினது போல.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் தங்கமுத்து.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களேண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. டீ ஆறுது, குடிங்க."

அய்யப்பன் வாயை மூடியதும், புரியாது கேட்காதே என்று மகள் சொன்னதும் இப்போது புரிந்தன. வெறும் பாட்டுதானே என்று நினைத்து, அப்பா மனசு கஷ்டப்படக் கூடாதென்று அவள் மறைத்திருப்பாள்; நிஜம் என்று அண்ணன் பேட்டி கொடுத்தது அவள் வரை போயிருக்காது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. செத்தவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

புதுக்கோட்டை வரை தைலமரக் காட்டுக்குள் வண்டி ஓடியது. பையன்கள் விடவில்லை. மூன்றாவதுதான் உச்சம் என்றான் அரவிந்த்குமார். அவன் அம்மாவே அந்தப் பாட்டை ரிங்டோனாக வைத்திருக்கிறாளாம். பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் டேப்பில் திட்டின அதே ஆள் மூன்றாவதில் எப்படித் தெய்வமானார் என்று நிலவழகன் இழுத்தான்.

"செத்துட்டாருல்லடா. செத்தா எல்லாரும் தெய்வந்தான்," என்றான் அரவிந்த்குமார்.

"அப்படின்னா மொத டேப்பு எடுக்கையில உசுரோட இருந்தாரு."

"ஆமா, இருந்தாரு."

தங்கமுத்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தது. முதல் டேப் வந்தபோதுகூட வராத கோபம். அன்றைக்கு அவமானம்தான் இருந்தது, கோபம் இல்லை. இன்றைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் சிவரஞ்சனியின் மாமியார் முகம் கண்ணில் வந்தது. நமணசமுத்திரம் தாண்டும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவன் என்னைக் கொன்றுவிட்டுப் போகட்டும். மடியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டால் போதும்.

மண்டப வாசலில் வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பீம் பீம் என்று அது கத்தியது. நிலவழகன் இறங்கப் போனவன் அப்படியே நின்றான்.

"அண்ணே, இது மொத டேப்புல வர்ற அதே சத்தம்ணே!"

"எல்லா வண்டியும் இப்படித்தான் தம்பி கத்தும்," என்றார் தங்கமுத்து.

பையன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு யாரோ கூப்பிட ஓடிவிட்டான்.

பாக்ஸ்களை இறக்கின பிறகு அந்த ஃப்ளெக்ஸை விரித்துச் சட்டத்தில் கட்டினார்கள். ஒரு முனையைத் தங்கமுத்துவே பிடித்துக் கொடுத்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றும், கீழே 'காளைக்காக உயிர் நீத்த எங்கள் கவியின் தந்தைக்கு' என்றும் போட்டிருந்தது. நடுவில் ஒருவன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றான். சுற்றி மாலை அச்சடித்திருந்தது. தங்கமுத்து கிட்டத்தில் போய்ப் படத்தைப் பார்த்தார். அது அவர் இல்லை. மாட்டுப் புரோக்கர் வீரய்யா!

காளையை ஏற்றிய அன்றைக்குப் புரோக்கர்கள் வழக்கப்படி வீரய்யா மாட்டோடு நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான், லாரிக்காரனுக்கு வாட்ஸப்பில் அனுப்ப. அப்போது கல்யாணமாகாமல் வீட்டில் இருந்த சிவரஞ்சனிதான் எடுத்தாள். அது அவள் போனிலிருந்து அண்ணன் கைக்குப் போய், முதல் டேப்புக்கு அட்டைப்படமாகிவிட்டது. பாட்டில் அப்பனைத் திட்டுகிறானே, படத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்தான் அப்பனாக இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் நினைத்துக்கொண்டார்கள். இன்னும் ஆலங்குடிச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீரய்யாவுக்கு, திருமயத்தில் ஊதுவத்தி கொளுத்தினார்கள்.

"மொகத்தப் பாருங்கண்ணே, மாட்டு மேல எவ்ளோ பாசம்," என்றான் அரவிந்த்குமார்.

தங்கமுத்து சட்டத்தின் கயிற்றை இழுத்து முடிந்தார். காசு வாங்கப் போகிற புரோக்கனின் பாசம் அப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் கவியரசன் காரில் வந்து இறங்கினான். கூட்டம் விசிலடித்தது. தாடி வைத்திருந்தான், சதை போட்டிருந்தான். மேடையேறப் போனவன் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். வீரய்யாவை அவனுக்குத் தெரியாதா? அந்த முகத்தை முதல் டேப்புக்கு அட்டைப்படமாகப் போட்டவனே அவன்தானே. இப்போது திருத்துவான், இது என் அப்பா இல்லை என்று ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று தங்கமுத்து ஓரத்தில் நின்று பார்த்தார். கவியரசன் குனிந்து படத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நிமிர்ந்தபோதுதான் அப்பனைப் பார்த்தான். பாக்ஸ் ஒன்றின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றவரைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது. சுற்றிலும் போன்கள் தூக்கிப் பிடித்திருந்தன.

"டிரைவர் அண்ணே," என்றான் கவியரசன், "அந்த பாக்ஸக் கொஞ்சம் அங்கிட்டு நகத்திருங்க."

"சரி தம்பி," என்றார் தங்கமுத்து. மகனை அவர் சின்ன வயதிலிருந்தே தம்பி என்றுதான் கூப்பிடுவார். அதில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு மறைந்த தந்தைக்கு எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். கூட்டம் எழுந்தது. பக்கத்திலிருந்த ஒருவர், "தோள்ல கெடக்குற துண்ட எடுங்க, ஒரு மரியாத வேணாமா?" என்று தங்கமுத்துவைக் கடிந்துகொண்டார். தங்கமுத்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தனக்காகத் தலை குனிந்து நின்றார்.

நிகழ்ச்சி தொடங்குமுன் கவியரசன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்வாசலுக்கு வந்தான். குட்டியானை அங்கேதான் நின்றது. வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்குப்பா இங்க வந்தீங்க?"

"மூணு டேப்பும் கேட்டேன்டா, வர்ற வழியில. மொத டேப்புதான் நல்லாருக்கு."

"அதுல ஒங்களத் திட்டிருக்கேன்."

"ஆமா. அதுல நான் இருக்கேன்ல."

கவியரசன் கண்ணைத் துடைத்தான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். "அந்தப் பாட்ட எழுதுறப்ப நெசமா அழுதேம்பா. நீங்க செத்துட்டதா நெனச்சாத்தான் எனக்கு ஒங்க மேல பாசம் வருது. உசுரோட நெனச்சா இந்த வண்டிதான் ஞாபகத்துக்கு வருது. நான் என்ன செய்ய?"

தங்கமுத்துவுக்கு இவனை அடித்தால் தேவலை என்றும், இவன் தலையைக் கோதினால் தேவலை என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"தங்கச்சி மகளுக்கு ஆவணியில காதுகுத்து, நார்த்தாமல மாரியம்மன் கோயில்ல. ஒன் மடியிலதான் வச்சுக் குத்தணும். நீ வரலைன்னா அவ மாமியா வீட்டுல அவள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. எனக்காக இல்ல. அவளுக்காக வாடா."

கவியரசன் யோசித்தான். "வாரேம்பா. ஆனா நான் போற எடத்துக்கெல்லாம் பசங்க வருவாங்க. வீடியோ எடுத்துப் போடுவாங்க. நீங்க..." அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. மூச்சு விடாமல் பேசுகிறவனுக்கு இந்த ஒரு வாக்கியம் முடியவில்லை.

தங்கமுத்துதான் முடித்து வைத்தார். "எனக்கு அன்னைக்கு வெளியூர் லோடு இருக்கு. நான் வரமாட்டேன். நீ வந்துரு."

"கண்டிப்பா வாரேன்," என்றான் கவியரசன். உள்ளே அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஓடினான்.

தங்கமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார்.

"ஆத்தா, அண்ணன் வாரேன்னுட்டான்."

மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. "நெசமாவாப்பா? மாரியாத்தா! நீ மொத நாளே வந்துரணும், ஆமா. பந்தியெல்லாம் நீதான் நின்னு பாக்கணும். ஒனக்கு வேட்டி சட்டை எடுத்து வச்சிருக்கேன்."

"இல்லத்தா. எனக்கு அன்னைக்கு ஒரு லோடு இருக்கு. தூத்துக்குடிக்கு. முன்னாடியே ஒத்துக்கிட்டேன்."

"என்னது?"

"மாத்த முடியாதுத்தா."

"பேத்தி காதுகுத்துக்கு வரமாட்டியா? அண்ணனே வருது, நீ வரமாட்டியா?" அவள் குரல் மாறியது. "அது வர்றதுனாலதான் நீ வரலையா? இன்னும் அதுமேல ஒனக்கு வீம்பா? நாலு பேருக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

தங்கமுத்து போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். சொல்லிவிடலாம். நான் அங்கே வந்து நின்றால் அண்ணன் சொன்ன பொய் உடைந்துவிடும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் அண்ணனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாள், அவன் வரமாட்டான், பிள்ளைக்கு மடி இருக்காது.

"லோடுதான்த்தா. வேற ஒண்ணும் இல்ல."

"ஒனக்கு எப்பவும் அந்த வண்டிதான் பெருசு," என்றாள் சிவரஞ்சனி. அழுதுகொண்டேதான் சொன்னாள். "இத்தன நாளும் நான் ஒனக்காக அண்ணன்கிட்டப் பேசிட்டு இருந்தேன் பாரு. மொதப் பாட்டுல அது ஒன்னையத் திட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. அத்தனையும் உண்மைதான்."

போனை வைத்துவிட்டாள்.

உள்ளே புல்லாங்குழல் ஆரம்பித்தது. மூக்கணாங்கயித்தப் புடிச்ச கையி என்று கவியரசன் எடுக்க, மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடியது. பையன்கள் விம்முகிற சத்தம்கூட மைக்கில் கேட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் பாக்ஸ்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். தங்கமுத்து வண்டியை விட்டு இறங்கி, வெள்ளைச் சட்டையைக் கழற்றி சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, கயிற்றை எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினார்.